பஞ்சும் கத்தியும்

இன்னும் ஒரே ஒரு தரம் கேட்டுவிடுவோம், அதற்கப்புறம் சத்தியமாக முடிவு சொல்லிவிடலாம் என்று ஞானதிரவியம் பொத்தானை அழுத்தினான். காலையிலிருந்து இப்படி எத்தனை சத்தியம் ஆயிற்று என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். ஸ்பீக்கரில் அதே நாலு வரி மெட்டு எழுந்தது, அறுபது பேர் சேர்ந்து வயலின் வாசிக்கிற மாதிரி. மாதிரி என்ன மாதிரி, அறுபது பேரேதான். பனி பெய்கிற ஏதோ ஓர் ஊரில் பெரிய கூடமாகப் பார்த்து அத்தனை பேரையும் உட்காரவைத்து, ஒவ்வொரு சுரமாக மெல்லவும் பலமாகவும் இழுத்தும் வெட்டியும் வாசிக்கச் சொல்லி, அதையெல்லாம் பதிவு செய்து மூட்டை கட்டி விற்கிறான் வெள்ளைக்காரன். சாம்பிள் லைப்ரரி என்று பேர். வளசரவாக்கத்தில் இரண்டாவது மாடியில், வெளியே தண்ணி லாரி ஹாரன் அடிக்கிற தெருவில், இவன் கீபோர்டில் ஒரு விரலை வைத்தால் போதும், அத்தனை பேரும் வில்லை எடுத்துவிடுவார்கள். டீ கேட்க மாட்டார்கள், பேட்டா கேட்க மாட்டார்கள், மகள் கல்யாணம் என்று பாதியில் கிளம்ப மாட்டார்கள். சீரியலுக்கும் விளம்பரத்துக்கும் இசை போடுகிறவன் பிழைப்பே இந்த மூட்டையில்தான் இருக்கிறது. மருமகள் கதவைத் திறந்தால் ஒரு ஜாங், மாமியார் திரும்பினால் ஒரு ஜாங், திரும்பின முகத்தை மூன்று கோணத்தில் காட்டினால் மூன்று ஜாங். பதினெட்டு வருஷமாக அந்த ஜாங்கை வைத்துத்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. இப்போது குணாளன் புது சீரியல் எடுக்கிறான், பெரிய சேனல், குறைந்தது ரெண்டு வருஷம் ஓடும், திரவியம் சார் உங்களுக்கு எந்த லைப்ரரி வேணுமோ சொல்லுங்க கம்பெனியே வாங்கித் தரும், ஆனா இந்தத் தடவை வயலின் குத்தக்கூடாது சார் என்று சொல்லியிருக்கிறான். குத்தக்கூடாது. அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் முள்ளாக நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மூன்று லைப்ரரிகள், மூன்றுக்கும் இவனே செல்லப் பேர் வைத்திருக்கிறான். ஒன்று சர்ச், ஏனென்றால் அதை நிஜமாகவே ஒரு சர்ச்சுக்குள் பதிவு செய்திருக்கிறார்கள், விரலை எடுத்த பிறகும் சத்தம் கூரையைச் சுற்றிவிட்டு நிதானமாக இறங்கி வரும். இன்னொன்று பஞ்சு. மற்றது கத்தி. பஞ்சு மிருதுவாக இருக்கும், கத்தி காதைக் கிழிக்கும், ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று இன்டர்நெட்டில் ஆளாளுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், அதை வைத்துத்தான் பேரே வந்தது. காலையில் திரவியத்துக்கு ஒரு திமிர். பேரைப் பார்க்காமல் கேட்டே கண்டுபிடிப்பேன் என்று ஒரே மெட்டை மூன்றிலும் வாசித்து, தன் கண்ணில் படாதபடி கம்ப்யூட்டரையே வரிசையைக் கலைக்கச் சொல்லி, ஒன்று இரண்டு மூன்று என்று நம்பர் மட்டும் போட்டு, அதே மூன்றையும் குணாளனுக்கும் அனுப்பிவிட்டான். முதலாவது சர்ச், அது பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரண்டாவதும் மூன்றாவதும்தான். இரண்டாவதைக் கேட்டான், மூன்றாவதைக் கேட்டான், கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், மறுபடி இரண்டாவது. ரெண்டும் ஒன்றாகவே இருந்தன. மலையும் இல்லை மடுவும் இல்லை, வழித்துவிட்ட மாதிரி சமவெளி. எது எது என்று பழைய ஃபைலைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், யார் வேண்டாமென்றது. ஆனால் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது உறுதியாகிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது, கணக்கு வாத்தியார் வாய்ப்பாட்டைப் புரட்டிப் பார்க்கிற கதைதானே. வேண்டாம், இன்னும் ஒரு தரம் கேட்போம். இன்டர்நெட்டில் எழுதுகிறவனெல்லாம் புளுகன், ஒரே சரக்குக்கு ரெண்டு லேபிள் ஒட்டி விற்கிறான், அதுதான் விஷயம். அதுதானா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சீ, அந்தப் பழமொழி இப்போது எதற்கு நினைவு வருகிறது.

குழந்தை சோப்பு விளம்பரம் திரும்பி வந்தபோதும் இப்படித்தான் கூடம் கோணல் என்றான். முப்பது நொடிப் படம், குளித்த குழந்தையைத் துண்டில் சுற்றி அம்மா மூக்கோடு மூக்கு உரசுகிறாள், அதற்குத் தாலாட்டு மாதிரி ஒரு வயலின். அந்த விளம்பரக் கம்பெனிப் பெண் வந்தனா, இங்கிதமான பெண், சார் டியூன் சூப்பர் சார், ஆனா வயலின் கொஞ்சம் பல்லு கூசுற மாதிரி இருக்கு, எங்க ஆபீஸ்ல எல்லாருமே ஃபீல் பண்ணோம் என்றாள். எல்லாருமே. எல்லாருக்கும் கேட்டது. உங்க ஆபீஸ் ஸ்பீக்கர் சரியில்லைம்மா என்று சொல்லி, அவளையே மன்னிப்புக் கேட்க வைத்தான், பாவம். போன வருஷத்துச் சீரியலில் மிக்ஸிங் பண்ணின ஃபெரோஸ் ஒரு நாள் பேச்சுவாக்கில், ணா நீங்க அனுப்புற ஸ்ட்ரிங்ஸ்ல மேல கொஞ்சம் நானே இறக்கிடுறேன், உங்களைக் கேக்காம பண்றேன்னு நினைச்சுக்காதீங்க என்றான். ஸ்ட்ரிங்ஸ் என்றால் வயலின் கூட்டம், மேல என்றால் ஒலியின் உச்சி, வில் கம்பியில் உரசும்போது தெறிக்கிற அந்தக் கீச்சு, பளபளப்பு. எவ்வளவு நாளாடா இறக்குற என்று கேட்கவேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவானே என்ற பயம். அப்புறம் யோசித்துப் பார்த்ததில் பழைய லைப்ரரி மேல்தான் தப்பு என்று முடிவாயிற்று, பழசு, காலாவதியான சரக்கு, மந்தமாக இருக்கிறது, அதனால்தான் தான் பளபளப்பை ஏற்றி ஏற்றி வைக்க வேண்டியிருக்கிறது, அது மற்றவர்களுக்குக் குத்துகிறது. நல்ல லைப்ரரி வாங்கினால் ஏற்றவேண்டாம், குத்தாது. இவ்வளவு சுத்தமான கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் இந்த மூன்றையும் சோதனைக்கு இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மூன்றுமே மந்தமாக இருக்கின்றன. புத்தம்புதிது, உலகமே கொண்டாடுகிறது, மந்தமாக இருக்கிறது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

சளியாக இருக்கும். ஏசிக் காற்று நேரே காதுப் பக்கம் அடிக்கிறது, போன வாரம் தும்மல் இருந்தது, இருந்ததா, ஒரு நாள் இருந்தது. அழுக்காக இருக்கும், பாத்ரூமில் போய் பட்ஸ் விட்டுக் குடைந்து பார்த்தான், சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் வரவில்லை, எரிச்சல்தான் மிச்சம். ஹெட்போன் பழசாகியிருக்கும், அலமாரியில் இருந்த இன்னொன்றை எடுத்து மாட்டினான், அதிலும் அதே சமவெளி. கேபிளை மாற்றினான். நாற்காலியை அரை அடி பின்னுக்குத் தள்ளினான். கூடம், கூடம், எல்லாக் கூடமும் கோணல். அப்பாவுக்கு ஐம்பது வயதில்தானே ஆரம்பித்தது. அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை, மில் சத்தம் காதைத் தின்றுவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், மில்லுக்கே போகாத பெரியப்பாவுக்கும் காது மந்தம் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் அப்பா கத்திப் பேசுவார், சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பை அடக்குவார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், எதற்கென்று தெரியாமல். திரவியம் அப்போது தள்ளிப் போய் நிற்பான், இவர் யாரோ நான் யாரோ என்று. அப்பாவுக்குக் காது போனது, போகட்டும், பஞ்சுக்கும் நூலுக்கும் காது எதற்கு. எனக்கு? எனக்கு வேறு என்ன தெரியும்? கை இருக்கிறது, மூளை இருக்கிறது, மெட்டு வருகிறது, அதெல்லாம் சரி, உப்புக் காரம் தெரியாதவனை எவன் சமையலுக்குக் கூப்பிடுவான். குணாளனுக்குத் தெரிந்தால் ஃபெரோஸுக்குத் தெரியும், ஃபெரோஸுக்குத் தெரிந்தால் சாலிகிராமம் முழுக்கத் தெரியும், திரவியத்துக்குக் காது போச்சாம்ப்பா என்று டீக்கடையில் ஒருத்தன் சொன்னால் போதும், அடுத்த நாளிலிருந்து போன் அடிக்காது. அடித்தால் மட்டும் கேட்குமாக்கும் என்று உள்ளே ஒரு குரல் நக்கல் அடித்தது. திரவியத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

கதவு திறந்தது, அது கேட்டது, நல்லவேளை. பெண்டாட்டி பொன்மலர் டீ தம்ளரோடு உள்ளே வந்தாள், வந்தவள் வாசலிலேயே நின்று முகத்தைச் சுளித்தாள்.

"எப்படி அத்தான் இந்தச் சத்தத்துல உக்காந்திருக்கீங்க?"

"எந்தச் சத்தம்? பாட்டை நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு."

"பாட்டு இல்ல. இந்தா ஈன்னு கேக்குதே, விசில் மாதிரி. ஹால்ல வரைக்கும் வருது. நாலஞ்சு நாளா நானும் பாக்கேன்."

திரவியம் காதைத் தீட்டினான். ஏசி உறுமுகிறது, லாரிக்காரன் யாரோடோ சண்டை போடுகிறான், சமையலறையில் குழாய் சொட்டுகிறது. விசில் இல்லை. ஈ இல்லை. "ஆமா, நானும் நினைச்சேன்" என்றான். நாக்கு எவ்வளவு சுளுவாகப் புரள்கிறது. பொன்மலர் தம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்து, வயர்க் கூட்டத்துக்குள் போய், சுவரோரம் செருகியிருந்த ஒரு சின்ன அடாப்டரைப் பிடுங்கினாள். "இதுதான். அப்பாடா, நின்னுட்டு" என்றாள். அவள் முகம் நிஜமாகவே தெளிந்தது. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறவள், பாட்டில் ஸ தெரியாது ப தெரியாது, சர்ச்சில் கீர்த்தனை பாடினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் தாளம் விட்டுவிடுவார்கள், அதைச் சொல்லிச் சொல்லி இவன் எத்தனை தரம் கேலி செய்திருக்கிறான். அவளுக்குக் கேட்கிறது. நின்றது அவளுக்குத் தெரிகிறது. இவனுக்கு அந்த அடாப்டர் பிடுங்குவதற்கு முன்னால் இருந்த அறையும் பிடுங்கினதற்குப் பின்னால் இருக்கிற அறையும் ஒரே அறை. "டீ ஆறிப் போவும்" என்றாள். அவள் போகட்டும் என்று காத்திருந்தான். அவள் போகாமல் ஒரு நிமிஷம் இவனையே பார்த்துவிட்டுத்தான் போனாள்.

கதவு சாத்தியதும் செய்யக்கூடாது என்று இத்தனை நாள் தள்ளி வைத்திருந்ததைச் செய்தான். வெறும் ஒலி எழுப்புகிற கருவி ஒன்று கம்ப்யூட்டரில் உண்டு, ஊஊ என்று ஒரே சுருதியில் ஊதும், மவுஸை நகர்த்தினால் சுருதி ஏறும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீழேயிருந்து ஏற்றினான். ஊ, கேட்கிறது. ஏற்றினான், சங்கு, கேட்கிறது. ஏற்றினான், குழந்தைகளின் ஊதல், கேட்கிறது, பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, பார்த்தாயா, வீணாகப் போட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டாய். ஏற்றினான். இழை மாதிரி மெலிந்தது. இருக்கிறது, இருக்கிறது, அதோ வலது காதில் இருக்கிறது, இருக்கிறதா அல்லது இருக்கவேண்டும் என்று நினைப்பதா. இன்னும் கொஞ்சம் ஏற்றினான், இல்லை. சத்தத்தின் அளவைக் காட்டுகிற பச்சைக் கோடு திரையில் ஆடாமல் அசையாமல் நின்றது, ஊதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றது அது. வால்யூமைக் கூட்டினான். கோடு மஞ்சளாயிற்று, சிவப்பாயிற்று, இவனுக்குள்ளே கிணற்றடி அமைதி. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள், இப்போது எது பொய் என்று வைத்துக்கொள்வது? கீழ் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. அந்த நாய்க்கு இந்த ஹெட்போனிலிருந்து கசிவது கேட்கிறதா, இல்லை அது சும்மா குரைக்கிறதா? சட்டென்று அணைத்தான். பயம் என்றால் இதுவரைக்கும் பட்டதெல்லாம் பயமே இல்லை, அதெல்லாம் சந்தேகம், இது வேறு. இத்தனை நாள் தான் போட்ட இசை வேறு, மற்றவர்கள் கேட்ட இசை வேறு. எவ்வளவு நாளாக? அந்தச் சோப்புக் குழந்தைக்கு இவன் போட்டது தாலாட்டு இல்லை, தகரத்தில் ஆணி கீறின சத்தம், அந்தப் பெண் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டு சூப்பர் சார் என்றிருக்கிறாள். இரண்டாவதும் மூன்றாவதும் எப்படி வேறுபடும், வேறுபடுகிற இடமே இவன் எல்லைக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது. சரி, பழைய ஃபைலைத் திற, எது எது என்று பார், மானம் போகட்டும், பிழைப்பு நிற்கட்டும். மவுஸ் மேல் கையை வைத்தான், போன் அடித்துவிட்டது. குணாளன்.

"சார், கேட்டுட்டேன். சும்மா சொல்லக்கூடாது, டியூன் அருமை. எதை வாங்கலாம்னு சொல்லுங்க, அக்கவுண்ட்ஸ்ல ஆள் வெயிட் பண்றாங்க."

"அது வந்து குணா..." ஒரு நிமிஷம் இரு என்று சொல்லியிருக்கலாம், ஃபைலைத் திறந்திருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "மொதலாவது வேண்டாம், வசனத்தை முழுங்கிடும். ரெண்டாவதுதான். ரெண்டாவதுல ஒரு மென்மை இருக்கு பாத்தியா."

லைன் கட்டாகிவிட்டதா, இல்லை இதுவும் கேட்கவில்லையா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"சார், ரெண்டாவதுதானே பல்லு கூசுது? எங்க வீட்ல போட்டேன், என் பொண்ணு காதைப் பொத்திக்கிட்டா."

"அதைத்தான் சொல்ல வந்தேன் குணா." திரவியத்துக்கு வேர்த்தது. "மென்மையான இடம் வந்தாகூட ரெண்டாவது குத்துதுன்னு சொல்ல வந்தேன். ரெண்டாவது வேண்டாம். மூணாவது."

"நானும் அதான் நினைச்சேன். கொஞ்ச நேரம் பயந்துட்டேன் சார்" என்று குணாளன் சிரித்தான், திரவியமும் சிரித்தான். "அப்ப மூணாவதையே வாங்கச் சொல்லிடுறேன், அது பேரை மட்டும் போட்டு விடுங்க. டைட்டில் மியூசிக்கையும் அதுலயே பண்ணி இன்னைக்கு அனுப்பிடுங்க. சேனல்ல பெரியவங்க கேக்குறாங்க. ஃபெரோஸ் ஊர்ல இல்ல, அதனால நீங்களே மிக்ஸ் பண்ணிடுங்க. நீங்க கேட்டு அனுப்பினா போதும், வேற யாரும் கேக்க வேண்டாம்."

போன் அணைந்தது. ரெண்டாவது குத்துகிறது என்றால் அதுதான் கத்தி, மூணாவது பஞ்சு, அதையும் அடுத்தவன் காதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நீங்க கேட்டு அனுப்பினா போதும். டைட்டில் மியூசிக் தயாராகத்தான் இருக்கிறது, நேற்றே மூன்று லைப்ரரியிலும் போட்டு, மந்தமாக இருக்கிறதே என்று வழக்கம்போலப் பளபளப்பையும் ஏற்றி வைத்திருக்கிறான், இவன் வாழ்நாளில் போட்டதில் அதுதான் நல்ல இசை என்று நேற்று சாயங்காலம்கூட நினைத்தான். செல்லோ என்கிற அந்தத் தடித்த வயலின் அடியில் நகர்ந்து நகர்ந்து வரும், வயலின்கள் அதன் தலைக்கு மேலே விரியும், அந்த விரிகிற இடத்தை இவனே ஏழெட்டுத் தரம் திருப்பிப் போட்டுக் கேட்டான். அது நேற்று. மற்றவர்களுக்கு அங்கே என்ன ஆகும்? காதைப் பொத்துவார்களா? அனுப்பாமல் இருக்க முடியாது, அனுப்பினால் என்ன அனுப்புகிறோம் என்று தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு முகச்சவரம் செய்துவிடுகிறேன் உட்காருங்கள் என்று சேனல் பெரியவரைக் கூப்பிடுகிற மாதிரி. டாக்டரிடம் போகலாம், போனால் சீட்டில் எழுதிவிடுவான், எழுதிவிட்டால் அது உண்மை. ஃபெரோஸுக்கு போன் போட்டுச் சொல்லிவிடலாம், தம்பி மேல கொஞ்சம் எவ்வளவு இறக்குவ என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி. குரல் காட்டிக் கொடுத்துவிடும். எல்லா வழியும் ஒரே சந்தில் வந்து முட்டுகிறது. ஆண்டவரே என்றான், வாய்விட்டு. கம்ப்யூட்டர் திரை வெகுநேரம் தொடாததால் தானே அணைந்து கறுப்பாகிவிட்டது, அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது, அப்பாவின் தாடை. அதற்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிப் பொன்மலர் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள்? போன் பேசினபோதே வந்துவிட்டாளா? கண்ணாடியில் அவள் உதடுகள் அசைந்தன. ஏதோ சொல்கிறாள். தம்ளரை எடுக்க வந்திருப்பாள், இல்லை கடைக்குப் போகவேண்டும் என்றிருப்பாள், சனிக்கிழமை சாயங்காலம் அவள் சொல்வது அதுதான்.

"ம், சரி. அப்புறமா போயிக்கலாம்" என்றான் திரும்பாமலே.

கண்ணாடியில் அவள் அப்படியே நின்றாள். திரவியம் நாற்காலியைத் திருப்பினான்.

"என்ன சொன்னேன் நான்?" என்றாள் பொன்மலர், இந்தத் தடவை சத்தமாக.

"அதான், கடைக்குப் போவணும்னு."

"நான் ஒண்ணுமே சொல்லல அத்தான். வாயை மட்டும்தான் அசைச்சேன்."

வெளியே லாரிக்காரன் போய்விட்டிருந்தான். இவன் எதையாவது சொல்ல நினைத்தான், சளி, ஏசி, அடாப்டர், எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஒன்றையும் எடுக்க மனசு வரவில்லை. அவள் கோபப்பட்டால் தேவலை, அழுதால் தேவலை, அவள் ரெண்டும் இல்லாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது, நாலஞ்சு நாளாக அந்த விசிலைப் பிடுங்காமல் விட்டு வைத்திருந்தது இவனுக்குக் கேட்கிறதா என்று பார்க்கத்தான் என்றும் தெரிந்தது. திரவியம் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு விட்டான், கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றினான்.

"டைட்டில் மியூசிக் இன்னைக்கு அனுப்பணும் மலரு" என்றான். "நீ கேளு. எனக்குச் சொல்ல வேண்டாம், சொன்னா நான் சண்டைக்கு வருவேன். எந்த இடத்துல குத்துதோ அந்த இடத்துல கையைத் தூக்கு. நான் பாத்துக்கிறேன்."

அவள் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். அவன் பஞ்சில் போட்டதைத் திறந்து பொத்தானை அழுத்திவிட்டு, அவள் மடியில் இருந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றான். செல்லோவின் தலைக்கு மேலே வயலின் விரிகிற இடத்தில் அந்தக் கை மேலே போயிற்று. பாட்டு முடிகிற வரைக்கும் அவள் அதை இறக்கவில்லை.